‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற சொல்லை ஆங்கில வாக்கியத்தில் எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

பின்னலாடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது எங்களிடம் ஆடை வாங்குபவர்களுக்கு, நாள்தோறும் மின்னஞ்சல் எழுத வேண்டியிருப்பதால் ஆங்கிலத்தை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

சென்ற வாரம் நூல் விலை ஏறியதால், முன்பு கொடுத்திருந்த கொட்டேஷனைத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான காரணத்தை விளக்கி, “தி யார்ன் ப்ரைஸ் இன்ஃப்ளூயன்ஸ்ட் ஆன் அவர் கொட்டேஷன்” என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அதைப் படித்த என் மேலாளர் முதலில் ‘ஆன்’ என்பதை அடித்தார். பிறகு சற்று யோசித்துவிட்டு ‘இன்ஃப்ளூயன்ஸ்ட்’ என்பதையும் அடித்து ‘அஃபெக்டட்’ என்று மாற்றினார். காரணம் கேட்டேன். கப்பல் தேதி நெருங்கும் நேரம் என்பதால் அவரால் உட்கார்ந்து விளக்க முடியவில்லை.

அகராதியில் இந்தச் சொல்லுக்குச் ‘செல்வாக்கு, தாக்கம்’ என்று இரண்டு பொருள்கள் உள்ளன. விலையில் தாக்கம் ஏற்பட்டது என்று தமிழில் சொல்கிறோமே, அப்படியானால் நான் எழுதியதில் என்ன தவறு? ஆங்கில நாளிதழில் இதே சொல்லோடு ‘ஆன்’ சேர்ந்து வருவதையும் பார்த்திருக்கிறேன். அங்கே சரியாக இருப்பது எனக்கு மட்டும் ஏன் தவறாகிறது? மழைக்காலத்தில் வானிலை அறிக்கையில் “அண்டர் இட்ஸ் இன்ஃப்ளூயன்ஸ்” என்று வருகிறது. என் அப்பாவோ, “இன்ஃப்ளூயன்ஸ் இருந்தால்தான் அந்த ஆபீஸில் வேலை நடக்கும்” என்கிறார். இவை எல்லாம் ஒரே சொல்தானா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கரும்பலகை எழுதியது:

அம்மா, உங்கள் மேலாளர் செய்த இரண்டு திருத்தங்களும் சரியானவையே. ஆனால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ‘ஆன்’ பிழையைத் திருத்தாமல் ஒரு கல்வியாண்டும் எனக்குக் கழிந்ததில்லை. பிழை செய்யும் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தாம் இதைச் செய்வார்கள்.

காரணத்தைப் பாருங்கள். ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்பது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகவும் வரும், அதே வடிவத்தில் வினைச்சொல்லாகவும் வரும். தமிழில் நமக்கு அப்படி ஒரு தனி வினை வழக்கத்தில் இல்லாததால், ‘தாக்கத்தை ஏற்படுத்தியது’ என்று ஒரு பெயரையும் ஒரு துணைவினையையும் சேர்த்துச் சொல்கிறோம். தாக்கம் என்ற பெயர் வந்துவிட்டால் ‘எதன் மீது’ என்ற கேள்வி தானாகவே எழும். அந்த ‘மீது’தான் உங்கள் வாக்கியத்தில் ‘ஆன்’ ஆகப் போய் உட்கார்ந்துகொண்டது. ‘பற்றி விவாதித்தோம்’ என்பதை மனத்தில் வைத்து “டிஸ்கஸ்ட் அபவுட்” என்று எழுதுவதும், ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதை வைத்து “என்டர்ட் இன்டு தி ரூம்” என்று எழுதுவதும் இதே வழியில் வந்த பிழைகள்தாம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் வினையாக வரும்போது, நம் இரண்டாம் வேற்றுமை போல, ‘யாரை’ அல்லது ‘எதை’ என்ற கேள்விக்கு விடையாக நிற்கும் சொல்லை நேரடியாக எடுத்துக்கொள்ளும். “மை க்ராண்ட்மதர் இன்ஃப்ளூயன்ஸ்ட் மீ” என்பதில் இடையில் எதுவும் வராது. பெயராக வரும்போதுதான் ‘யார் மீது’ என்ற கேள்வி எழும். அங்கே “மை க்ராண்ட்மதர் ஹேட் எ கிரேட் இன்ஃப்ளூயன்ஸ் ஆன் மீ” என்று ‘ஆன்’ வந்தே தீர வேண்டும். நாளிதழில் நீங்கள் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். சொல்லின் முன்னால் ‘எ’, ‘ஹிஸ்’, ‘கிரேட்’ போன்றவை நின்றால் அது பெயர். சொல்லின் கடைசியில் ‘ட்’ ஒட்டிக்கொண்டு இறந்தகாலத்தைக் காட்டி, அதற்கு முன்னால் செய்தவரும் பின்னால் செயலுக்கு உள்ளானவரும் நின்றால் அது வினை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘ஏற்படுத்தியது’ என்பதை அப்படியே கொண்டுபோய் “மேட் இன்ஃப்ளூயன்ஸ்”, “கிரியேட்டட் இன்ஃப்ளூயன்ஸ்” என்று எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹேவ்’ என்ற எளிய வினையே போதும்.

இரண்டாவது திருத்தத்திற்கு வருகிறேன். இது இலக்கணம் சார்ந்ததல்ல, சொல்லின் குணம் சார்ந்தது. இந்தச் சொல் இருக்கும் இடத்தில் மெதுவான, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்ப்பு நடக்கிறது. ஒருவருடைய எண்ணம், விருப்பம், முடிவு, பழக்கம், ரசனை போல இந்தப் பக்கமும் சாயலாம், அந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலையில் உள்ளவற்றை ஒரு பக்கமாகச் சாய்ப்பதே அதன் இயல்பு. பல காரணங்கள் சேர்ந்து ஒன்றைத் தீர்மானிக்கும்போது, அவற்றுள் ஒன்று என்ற பொருளிலும் அது வரும். “மெனி ஃபேக்டர்ஸ் இன்ஃப்ளூயன்ஸ் தி ப்ரைஸ்” என்பது நல்ல ஆங்கிலம். ஆனால் நூல் விலை உங்கள் ஆடை விலையின் உள்ளேயே இருக்கிற ஒரு பகுதி. அது ஏறினால் இது ஏறும். சாய்வதற்கும் மறுப்பதற்கும் அங்கே இடமில்லை. அப்படி நேராக வந்து விழும் மாற்றத்திற்கு ‘அஃபெக்ட்’ பொருத்தமானது. உங்கள் வாக்கியத்தை பையர் புரிந்துகொள்ளாமல் போயிருக்க மாட்டார் என்றாலும், ‘நூல் விலையையும் கொஞ்சம் கருத்தில் கொண்டோம்’ என்ற மங்கலான ஒலி அதில் வந்திருக்கும். விலை பேசும் இடத்தில் அந்த மங்கல் உங்களுக்கு நன்மை தராது.

வானிலை அறிக்கையில் வரும் “அண்டர் இட்ஸ் இன்ஃப்ளூயன்ஸ்” என்பதும் இதே சொல்தான். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருக்கிறது. அதன் ஆளுகைக்குள் வரும் இடங்களில் மழை பெய்யலாம் என்பது பொருள். தமிழ் அறிக்கையில் அதே இடத்தில் ‘இதன் காரணமாக’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். ‘அண்டர்’ வந்தால், ஒன்றன் பிடிக்குள் இருக்கும் நிலை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓவர்’ வந்தால், பிடி வைத்திருப்பவர் பக்கமிருந்து அதே காட்சியைப் பார்க்கிறோம். “ஷி ஹேஸ் எ லாட் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ் ஓவர் ஹெர் பிரதர்ஸ்” என்றால், அக்கா சொன்னால் தம்பிகள் கேட்பார்கள் என்று அர்த்தம். ‘ஆன்’ வரும் இடத்தில் அந்த அதிகாரம் இருக்க வேண்டியதில்லை. இறந்துபோன பாட்டிக்கும் நம் மீது அது இருக்கலாம்.

உங்கள் அப்பா சொல்வதும் தவறான பயன்பாடு அன்று. “ஹி ஹேஸ் இன்ஃப்ளூயன்ஸ்” என்றால் செல்வாக்கு உள்ளவர் என்பதே பொருள். ஆனால் நம் ஊரில் “இன்ஃப்ளூயன்ஸ் பண்ணி வேலை வாங்கினான்” என்று சொல்கிறோமே, அதை அப்படியே ஆங்கிலத்திற்குக் கொண்டுபோக முடியாது. அங்கே ‘யாரை’ என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது. அதிகாரியையா, மேலாளரையா என்று சொன்னால்தான் ஆங்கில வாக்கியம் முழுமை பெறும். செல்வாக்கு மிக்க மனிதரை “இன்ஃப்ளூயன்ஸ் பெர்சன்” என்று சொல்வதும் பெருகிவிட்டது. “இன்ஃப்ளூயன்ஷியல் பெர்சன்” என்பதே சரி. சொல்லும்போது, ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்பதில் அழுத்தம் ‘இன்’ என்ற முதல் அசையில் விழும். ‘இன்ஃப்ளூயன்ஷியல்’ என்பதில் அது நகர்ந்து ‘யன்’ என்ற அசைக்குப் போய்விடும். தொலைபேசியில் பேசும்போது இது உதவும்.


கச்சேரித் தெரு எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதிய ‘அண்டர்’ பற்றி ஒரு சிறு சேர்க்கை. நான் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்தச் சொல் இரண்டு சட்டங்களில் அடிக்கடி வரும். இரண்டையும் பார்த்தால் சொல்லின் எடை நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 16ஆம் பிரிவு ‘அன்டியூ இன்ஃப்ளூயன்ஸ்’ பற்றியது. முறையற்ற செல்வாக்கு என்று சொல்லலாம். ஒருவர் மற்றொருவரின் விருப்பத்தையே அடக்கி ஆளக்கூடிய நிலையில் இருந்து, அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெற்றால் அது இந்தப் பிரிவுக்குள் வரும். அதற்கு முந்தைய 15ஆம் பிரிவு வற்புறுத்தலைப் பற்றியது. குற்றச் செயலைச் செய்வேன் என்று மிரட்டுவதும், பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொள்வதும் அங்கே அடங்கும். 16இல் மிரட்டல் தேவையில்லை, உயர்த்திய குரலும் தேவையில்லை. முதுமையாலோ நோயாலோ மனத்தளர்ச்சியாலோ தெளிவு குறைந்திருக்கும் ஒருவரை, அவர் முழுவதுமாக நம்பியிருக்கும் ஒருவரே பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வைப்பது போன்ற நிலைமைகளை அது கருதுகிறது. அப்படிப் பெற்ற ஒப்பந்தத்தை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம் என்கிறது 19ஏ பிரிவு. ஒரே பெட்டியில் வைக்கக்கூடிய இரண்டு செயல்களை, வற்புறுத்தல் ஒன்று, உள்ளே புகுந்து சாய்ப்பது மற்றொன்று என்று சட்டம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் கவனம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வயதானவர்களின் செட்டில்மெண்ட் பத்திரங்களைக் கையாளும்போதெல்லாம் அந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே பார்க்கிறேன்.

மற்றொன்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு. குடித்துவிட்டு ஓட்டுவதைப் பொறுத்தவரை அது நேராக அளவு சொல்லிவிடுகிறது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. போதைப் பொருளுக்கு வரும்போதுதான் ‘அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற தொடர் வருகிறது. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தாரா என்பதே அங்கே கேள்வி. அளந்து சொல்ல முடிந்த இடத்தில் எண்ணையும், முடியாத இடத்தில் இந்தச் சொல்லையும் வைத்திருக்கிறார்கள்.


மெய்ப்பு எழுதியது:

நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்பவள். ஆசிரியர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அகராதியில் உள்ள ‘தாக்கம்’ என்ற சொல்லை அவர் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. சகோதரியின் சிக்கல் பாதி அங்கேதான் தொடங்கியது.

‘தாக்கம்’ என்பது ‘தாக்கு’ என்பதிலிருந்து வந்தது; அதில் மோதல் இருக்கிறது. ‘பாதிப்பு’ என்பதிலோ துன்பம் இருக்கிறது. சிறுபத்திரிகைகளில் ஓர் எழுத்தாளர் மீது இன்னொருவருடைய ‘பாதிப்பு’ என்று எழுதும் வழக்கம் இருந்தாலும், வீட்டில் யாரும் ‘பாட்டியின் பாதிப்பால் நல்லவளாக வளர்ந்தேன்’ என்று சொல்ல மாட்டார்கள். ஆங்கிலச் சொல்லின் உள்ளே மோதலும் இல்லை, துன்பமும் இல்லை. அதன் வேர் இலத்தீனில் ‘உள்ளே பாய்தல்’ என்ற பொருளுடையது. ‘ஃப்ளூயிட்’, ‘ஃப்ளூயன்ட்’ ஆகியவையும் அதே வேரின் கிளைகள். இடைக்கால ஐரோப்பாவில் அது சோதிடச் சொல்லாக இருந்தது. விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒழுகிவந்து மனிதரின் குணத்தையும் விதியையும் மாற்றுகிறது என்று நம்பினார்கள். அந்த ஒழுக்கிற்குத்தான் இந்தப் பெயர். நம் ஊரில் ‘சனி பார்வை’ என்றும் ‘குரு பார்வை’ என்றும் சொல்வதை நினைத்துக்கொண்டால் அதன் பழைய பொருள் சட்டென்று பிடிபடும். நாம் பார்வை என்றோம், அவர்கள் ஒழுக்கு என்றார்கள். இத்தாலியில் அதே சொல் ‘இன்ஃப்ளூயன்சா’ என்ற வடிவில் கொள்ளைநோய்க்கும் வழங்கியது. 1743இல் இத்தாலியிலிருந்து ஐரோப்பாவில் பரவிய காய்ச்சலோடு அந்தப் பெயரும் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. மனிதரைத் தாக்கும் அந்த வைரஸ் 1933இல் கண்டறியப்பட்ட பிறகும், வானத்தைக் குறைசொன்ன பெயர் மாறாமல் இருந்துவிட்டது. நாம் இன்றைக்கு ‘ஃப்ளூ’ என்று சொல்வது அதன் நடுத்துண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ‘செல்வாக்கு’ என்ற நம் சொல்தான். செல்லுகிற வாக்கு; ஒருவருடைய பேச்சு எடுபடுகிறது, மறுக்கப்படாமல் போகிறது என்பது அதன் பொருள். காசு செல்லும், செல்லாது என்று சொல்கிறோமே, அதே ‘செல்’. ஆகவே அது மனிதருக்கே பொருந்தும். நூல் விலைக்கோ புயலுக்கோ செல்வாக்கு இருக்கிறது என்று எழுதினால் காதில் உறுத்தும்.

அன்றாடப் பேச்சில் இந்த அகராதிச் சொற்கள் எதுவுமே தேவைப்படாத இடங்கள் நிறைய உண்டு. “பேட் இன்ஃப்ளூயன்ஸ்” என்பதற்கு ‘தீய தாக்கம்’ என்று மொழிபெயர்த்து வருகிறவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் அடித்து எழுதுவது, ‘சேர்க்கை சரியில்லை’ என்பதைத்தான். பெரியவர்கள் ‘சகவாச தோஷம்’ என்பார்கள். அதுவும் அப்படியே பொருந்தும். “டோன்ட் லெட் இட் இன்ஃப்ளூயன்ஸ் யூ” என்றால் ‘அதை வைத்து முடிவு எடுக்காதே’ என்று சொன்னால் போதும். சிபாரிசைக் குறிக்கும் இடத்தில் ‘சிபாரிசு’ என்றே சொல்லலாம். அப்பா சொன்ன வாக்கியத்தில் அந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள், ஒரு குறையும் இருக்காது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று மனப்பாடம் செய்தால், தமிழும் கெடும், திரும்பி ஆங்கிலத்திற்குப் போகும்போது அதுவும் கெடும். சகோதரியின் மின்னஞ்சலில் நடந்தது அதுதான்: ‘விலையில் தாக்கம்’ என்ற செய்தித்தாள் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலத்தில் எழுதினார். ‘நூல் விலை ஏறியதால் எங்கள் விலையும் ஏறிவிட்டது’ என்று பேச்சுத் தமிழில் நினைத்திருந்தால் இந்தச் சொல்லே அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.


பின்னலாடை எழுதியது:

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு முறை படித்தேன். ‘யாரை, எதை’ என்று கேட்டுப் பார்க்கும் வழி எனக்குக் கைப்பிடி போல இருக்கிறது. நான்கு வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

“மை ஃபாதர் நெவர் ட்ரைட் டு இன்ஃப்ளூயன்ஸ் மை சாய்ஸ்.” என் விருப்பத்தை மாற்ற அப்பா ஒருபோதும் முயன்றதில்லை என்று சொல்ல நினைத்தேன். வேலைக்கு நான் திருப்பூர் போகிறேன் என்றபோது அவர் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை; அதனால் இந்த வாக்கியத்தை முதலில் எழுதத் தோன்றியது.

“ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆர் எ பேட் இன்ஃப்ளூயன்ஸ் ஆன் ஹிம்.” நண்பர்கள் பலர் இருக்கும்போது ‘எ’ என்று ஒருமையில் வரலாமா என்பது என் ஐயம்.

“ஐ வாஸ் இன்ஃப்ளூயன்ஸ்ட் வித் மை ஃபர்ஸ்ட் சூப்பர்வைசர்.” வேலையில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை அவரைப் பார்த்துத்தான் கற்றேன்.

நான்காவது, பையருக்கு எழுத வேண்டியது: “தி ரைஸ் இன் யார்ன் ப்ரைஸஸ் ஹேஸ் அஃபெக்டட் அவர் கொட்டேஷன். தி டெலிவரி டேட் வில் ஆல்சோ இன்ஃப்ளூயன்ஸ் தி ஃபைனல் ப்ரைஸ்.”


கரும்பலகை எழுதியது:

மெய்ப்பு அம்மையார் சொன்ன குறையை ஏற்றுக்கொள்கிறேன். ‘தாக்கம்’ என்ற சொல்லை நான் தாண்டிப் போயிருக்கக் கூடாது.

உங்கள் முதல் வாக்கியம் முழுவதும் சரி. இரண்டாவதும் சரி, நண்பர்கள் எத்தனை பேராக இருந்தாலும், எல்லாரும் சேர்ந்து ஒரு சேர்க்கை என்று கருதுவதால் ‘எ’ நிற்கலாம். மூன்றாவதில் மட்டும் ‘வித்’ என்பதை ‘பை’ என்று மாற்றுங்கள். ‘அவரால்’ என்று தமிழில் வரும் இடம் அது. ‘அவரோடு’ என்று வரும் இடம் அன்று. “யூஸ் யுவர் இன்ஃப்ளூயன்ஸ் வித் தி மேனேஜர்” என்று ‘வித்’ வரும் பயன்பாடு ஒன்று உண்டு. ஆனால் அங்கே சொல் பெயராக இருக்கிறது, மேலாளரிடம் உனக்குள்ள செல்வாக்கைப் பயன்படுத்து என்பது பொருள்.

நான்காவதை அப்படியே அனுப்பலாம். நூல் விலைக்கு ஒரு சொல்லும், பல காரணங்களுள் ஒன்றாகிய டெலிவரி தேதிக்கு வேறொரு சொல்லும் வைத்ததைப் பார்த்து எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அனுப்பும் முன் ‘அஃபெக்டட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். அது ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். ‘ஈ’ என்ற எழுத்தில் தொடங்கினால் அது ‘எஃபெக்ட்’ ஆகி, விளைவு என்ற வேறு சொல்லாகிவிடும்.